ரொட்டவேட்டர் சாஃப்ட்டும் சுட்டெடுத்த 7018 குச்சியும்

ட்ராக்டருக்குப் பின்னால் பூட்டி உழும் ரொட்டவேட்டரின் சாஃப்ட்டைக் கழற்றி மேசையில் வைத்துக் கம்பித்தூரிகையால் தேய்த்துப் பார்த்தால், பழைய வெல்டிங் ஒட்டு அப்படியே இருந்தது. மீன் செதிள் அடுக்கினமாதிரி ஒரே சீராக, எங்கும் ஓட்டை இல்லாமல், கைதேர்ந்த ஒருவர் போட்ட ஒட்டு. வெடிப்பு அதற்கு ஒரு மில்லிமீற்றர் தள்ளி, முனைச் சாஃப்ட் பக்கத்து இரும்பில், முக்கால் வட்டத்துக்கு ஓடியிருந்தது.

கொண்டுவந்தவர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் செய்கிறவர். எனக்கு மாமா முறை. "ஒட்டு நல்லாத்தானே கிடக்கு மருமகன், இரும்புதான் வெடிச்சிருக்கு. இரும்பு பழசாப் போச்சு" என்றார். ஒட்டுக் கராச்சுகளில் எல்லோரும் சொல்கிற வசனம் இது. பாதி உண்மை. வெடித்தது இரும்புதான். ஆனால் அந்த இரும்பை வெடிக்க வைத்தது அந்த ஒட்டு.

ரொட்டவேட்டரின் நடுவில் சுழல்வது மூன்று அங்குலத்துக்குக் கிட்டிய தடித்த பைப். அதில் கத்தி பூட்டும் வளையங்கள் இருக்கும். பைப்பின் இரண்டு நுனியிலும் பெயரிங் ஏறும் முனைச் சாஃப்ட்டைச் செருகிச் சுற்றி ஒட்டியிருப்பார்கள். பைப் சாதாரண மென்னிரும்பு. முனைச் சாஃப்ட் அப்படியில்லை, காபன் கூடிய உருக்கு. பெரும்போகத்துக்காக, முதல் மழைக்கு முன்னர் உழும்போது எங்கள் களிமண் சீமெந்துபோல இறுகிக் கிடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் கத்தி அடிக்கிற அடியெல்லாம் இந்தச் சுற்று ஒட்டில்தான் வந்து சேரும். மயிரளவு வெடிப்பு ஒன்று முன்கூட்டியே அங்கே இருந்துவிட்டால், மிச்சத்தை வயல் பார்த்துக்கொள்ளும்.

அந்த மயிரளவு வெடிப்பு எப்படி வருகிறது என்பதுதான் இந்த வேலையின் மையம். உருகிய இரும்பு ஐதரசனை நன்றாகக் கரைத்து வைத்துக்கொள்ளும். இறுகிக் குளிரக் குளிர அந்தக் கொள்ளளவு சட்டென்று விழுந்துவிடும். வெளியே போக நேரம் கிடைக்காத ஐதரசன் அணுக்கள் ஒட்டிலிருந்து பக்கத்து இரும்புக்குள் ஊர்ந்து போகும். காபன் கூடிய இரும்பென்றால் ஒட்டின் ஓரத்து வளையம் செஞ்சூடேறி உடனே குளிர்ந்ததில் கண்ணாடிமாதிரிக் கடினமாகி நிற்கும். தடித்த சாஃப்ட் சூட்டை இழுத்துக்கொள்வதால் அது இன்னும் வேகமாகக் குளிரும். ஒட்டு சுருங்கும்போது இழுப்பும் அதே இடத்தில். கடினம், இழுப்பு, ஐதரசன் மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்து, சூடு 150 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கிவிட்டால் வெடிப்பு தொடங்கும். உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்து வரலாம், இரண்டு மூன்று நாள் கழித்தும் வரலாம். ஒட்டி முடித்துத் தட்டிப் பார்த்துக் காசு வாங்கி அனுப்பின பிறகு, உரிமையாளர் வீட்டில் பொருள் சும்மா கிடக்கும்போதே அது வெடித்துக்கொண்டிருக்கும். பெரிய கட்டுமானங்களில் இப்படியான உருக்குகளை ஒட்டி 48 மணி நேரம் கழித்துச் சோதிப்பது இதனால்தான்.

கடினத்தையும் இழுப்பையும் முற்றாக ஒழிக்க முடியாது. ஐதரசனைக் குறைக்கலாம். அது வரும் வழி மூன்று: ஒன்று, இரும்பின் மேலுள்ள எண்ணெய், பெயின்ற், துரு; இரண்டு, காற்றின் ஈரம்; மூன்று, ஒட்டும்போது உருகிச் சேரும் வெல்டிங் குச்சியின் பூச்சு. மூன்றாவதுதான் பெரிய வழி.

எங்கள் பக்கம் கேற், கிறில், தண்ணீர்த் தாங்கிக் கால் எல்லாவற்றுக்கும் எரிகிற 6013 குச்சியின் பூச்சு ரூட்டைல். புல்மோட்டைக் கரையில் அள்ளுகிற கனிய மணலில் இருக்கும் அதே ரூட்டைல். அந்தப் பூச்சு ஒழுங்காக எரியக் கொஞ்சம் ஈரம் அதற்குள் இருக்கவே வேண்டும். 6010 இன்னும் ஒரு படி மேலே: பூச்சு செலுலோசு, எரியும்போது ஐதரசனை வாரி இறைக்கும். இறைப்பதால்தான் ஊடுருவிப் பாய்கிறது, குழாய் வேலைக்காரர் விரும்புவதும் அதற்குத்தான். 7018-இன் கதை வேறு. பூச்சில் சுண்ணாம்புக்கல்லும் புளோர்ஸ்பார் என்ற கனியமும் இரும்புத் தூளும். சுண்ணாம்புக்கல் சூட்டில் சிதைந்து வெளிவிடும் காபனீரொட்சைட்டுதான் உருகலுக்குக் காவல், ஈரம் தேவையில்லை. தொழிற்சாலையில் உயர் சூட்டில் சுட்டு உலர்த்தித்தான் பெட்டியில் போடுகிறார்கள்.

அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் ஏ5.1 தரத்தில் ஈ7018 என்றால், 70 என்பது ஒரு சதுர அங்குலத்துக்கு 70,000 இறாத்தல் இழுவலிமை (490 மெகாபஸ்கால்), 1 எல்லா நிலையிலும் ஒட்டலாம் என்பது, கடைசி 8 பூச்சின் வகையைச் சொல்வது. பலர் இதுவரைக்கும் வாசித்துவிட்டுப் பெட்டியை மூடிவிடுவார்கள். எனக்கு அதற்குப் பின்னால் வரும் எழுத்துத்தான் முக்கியம். எச்4 என்றால் 100 கிராம் ஒட்டு உலோகத்தில் பரவக்கூடிய ஐதரசன் 4 மில்லிலீற்றருக்கு மேல் இல்லை, எச்8 என்றால் 8, எச்16 என்றால் 16. கூடவே ஆர் என்ற எழுத்து இருந்தால் பூச்சு ஈரத்தை மெதுவாகத்தான் உறிஞ்சும் என்று சோதித்திருக்கிறார்கள். 6010 இந்தக் கணக்கில் 30-ஐயும் தாண்டும்.

இந்த எண்ணெல்லாம் பெட்டி திறக்கும் வரைக்கும்தான். திறந்த 7018 சாதாரணமாக நான்கு மணி நேரம் வெளியில் இருக்கலாம், ஆர் எழுத்துள்ளது ஒன்பது. பிறகு சூட்டுப் பெட்டிக்குள் போகவேண்டும் என்பது கட்டுமான விதி. ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் வாவியுமாக இருக்கிற எங்கள் ஊரில், ஹாட்வெயார் கடை லாச்சியில் மாதக்கணக்கில் கிடந்து, எண்ணி நாலு, எண்ணி பத்து என்று விற்கும் குச்சியை என்னவென்று சொல்வது? பெயர் 7018 தான். மாமாவின் சாஃப்ட்டை முன்பு ஒட்டினவரும் கசடு (பூச்சு உருகி ஒட்டின்மேல் படியும் ஓடு) உரிந்த விதத்தையும் ஒட்டின் தோற்றத்தையும் பார்த்தால் 7018-ஆல்தான் ஒட்டியிருக்கிறார் என்று நினைக்கிறேன். கையில் குறையே இல்லை.

ஆகவே சாஃப்ட்டைத் தொட முதல் குச்சி சுடும் அடுப்பைக் கட்டி முடித்தேன். சாமான்கள் முன்பே சேர்ந்து கிடந்தன. வீட்டு அவன் 250 பாகையில் நின்றுவிடும், காணாது. ஈரம் குடித்த 7018-ஐ மீளச் சுட 260 முதல் 430 வரை, இரண்டு மணி நேரமாவது வேண்டும். நாலு அங்குல இரும்பு பைப், 20 அங்குல நீளம். 450 மில்லிமீற்றர் குச்சியும் உள்ளே படுக்கும். பழைய மின் அடுப்பொன்றிலிருந்து எடுத்த உலோக உறையுள்ள ஹீட்டர் பைப்பின் அடியில், வெளிப்பக்கமாக. திறந்த கொயில் போடாதீர்கள், குச்சி இரும்பு, தொட்டால் கரண்ட். இவை இரண்டையும் ஒரு எண்ணெய் ட்ரம்முக்குள் வைத்து, இடைவெளி முழுக்க உமிச்சாம்பல்.

உமிச்சாம்பலைப் பற்றி ஒரு சொல். நெல் ஆலைக்குப் பின்னால் மலையாகக் கிடக்கும், யாரும் காசு கேட்பதில்லை. பெரும்பகுதி சிலிக்கா, காற்றை அடைத்து வைத்திருக்கும், சூட்டை விடாது. உருக்காலைகளில் உருகிய உருக்கின் மேலேயே சூடு போகாமலிருக்க இதைத் தூவுகிறார்கள். வெள்ளைச் சாம்பலாகப் பார்த்து அள்ளவேண்டும். கறுப்பென்றால் உள்ளே கரி மிச்சம், அடுப்புக்குள் கிடந்து புகையும். அள்ளும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நெஞ்சுக்கு நல்லதல்ல.

சூட்டை அளக்க கே வகைத் தெர்மோகப்பிள், அதைப் பார்த்துக் கட்டுப்படுத்த சின்ன டிஜிற்றல் கொன்ட்ரோலர், ஹீட்டரைப் போட்டு நிறுத்த ஒரு திண்மநிலை ரிலே. ரிலேயை அலுமினியத் தகட்டில் பூட்டி ட்ரம்முக்கு வெளியே தள்ளி வைத்தேன். தெர்மோகப்பிள் நுனி குச்சிகளுக்கு நடுவில் இருக்கவேண்டும், பைப்பின் சுவரில் தொட்டால் பொய் சொல்லும். உடலுக்கு எர்த் வயர், லைனுக்கு ட்ரிப் சுவிட்ச். மூடியில் பென்சில் பருமனில் ஒரு துளை. அது இல்லாவிட்டால் குச்சியை விட்டு வெளியேறிய நீராவி உள்ளேயே சுற்றிக்கொண்டு நிற்கும்.

சுடும்போது நேரே 350-க்கு ஏற்றக்கூடாது. முதலில் 150-இல் அரை மணி நேரம் விட்டேன். இறுதிச் சூட்டின் பாதிக்கு மேல் போகாமல் அரை மணி வைக்கவேண்டும் என்பது விதி. திடீரென்று ஏற்றினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் பூச்சைப் பிளக்கும். பிறகு 350. கொன்ட்ரோலர் 350-ஐக் காட்டிய பிறகே இரண்டு மணிக்கணக்கு தொடங்கும். முடிந்ததும் 120-க்கு இறக்கி அங்கேயே வைத்துக்கொண்டு, ஒட்டும்போது இரண்டிரண்டாக எடுத்தேன். ஒருமுறைக்கு மேல் மீளச் சுடக்கூடாது, பூச்சின் பிணைப்பு கெட்டுவிடும். தண்ணீரில் நனைந்த குச்சியைச் சுடவே வேண்டாம், எறிந்துவிடுங்கள். 6013-ஐத் தவறியும் இந்தச் சூட்டில் போடாதீர்கள்.

குச்சியைத் தட்டிப் பார்த்து, கிண்ணென்று கேட்டால் காய்ந்தது, மொத்தென்று கேட்டால் ஈரம் என்று சொல்வார்கள். பூச்சில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பழைய ஈரம்தான், சந்தேகமில்லை. ஆனால் நன்றாகக் கிண்ணென்கிற, பூக்காத, ஓட்டை விழாமல் எரிகிற குச்சியிலும் இந்த வேலைக்குக் கூடிய ஈரம் இருக்கும். கண்ணும் காதும் காட்டிக்கொடுக்கிற அளவு வேறு, சாஃப்ட் வெடிக்கப் போதுமான அளவு வேறு.

இனி சாஃப்ட். என்ன உருக்கு என்று முத்திரை இல்லை. கிரைண்டரைப் பிடித்தேன். பைப்பிலிருந்து நீளமான மஞ்சள் கோடுகளாகப் பொறி போனது, நுனியில் ஒன்றிரண்டு கிளை. முனைச் சாஃப்ட்டில் பொறி குட்டையாக, நட்சத்திரம் நட்சத்திரமாக வெடித்தது. 0.4 சதவீதக் காபன் உள்ள ஈஎன்8 போன்ற ஒன்று என்று எடுத்துக்கொண்டேன். ஒட்டின் ஓரம் எவ்வளவு கடினமாகும் என்று மதிப்பிடக் காபன் சமானம் என்றொரு கணக்கு இருக்கிறது: காபனோடு மங்கனீசில் ஆறில் ஒரு பங்கைக் கூட்டினால் இதற்கு ஏறத்தாழ 0.53 வரும். குரோமியம், மொலிப்டினம் இருந்தால் அவற்றில் ஐந்தில் ஒரு பங்கும், நிக்கல், செப்பு இருந்தால் பதினைந்தில் ஒரு பங்கும் சேரும். 0.4-க்குக் கீழே என்றால் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. 0.5 தாண்டிய தடித்த துண்டைச் சூடாக்காமல் ஒட்டுவது சூதாட்டம்.

பெயரிங், சீல் எல்லாம் கழற்றியாயிற்று. பழைய ஒட்டை முழுவதும் வெட்டி எடுத்தேன். வெடிப்பின் மேலே இன்னொரு வரி ஓட்டி மூடுவது மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை நடக்கிற வேலை, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வெட்டிய பிறகு நிறமூறும் சோதனை: சிவப்புத் திரவம் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, துடைத்து, வெள்ளைப் பூச்சு தெளித்தால் மிச்ச வெடிப்பிலிருந்து சிவப்புக் கசியும். ஓரிடத்தில் இன்னும் கசிந்தது. அது போகும்வரை தோண்டினேன். பைப் வாயை வி வடிவில் 60 பாகைக்குச் சரித்து, கோண இரும்பில் நாலு பெயரிங் பூட்டிய உருளைத் தாங்கியில் சாஃப்ட்டைப் படுக்க வைத்தேன். சுழற்றிச் சுழற்றி எப்போதும் மேல்பக்கமாகவே ஒட்டலாம், நேராக நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

எர்த் கிளம்பை ஒட்டுக்குப் பக்கத்திலேயே சாஃப்ட்டில் போடவேண்டும். தாங்கியில் போட்டால் கரண்ட் பெயரிங் குண்டுகளினூடாகப் பாய்ந்து அவற்றைத் தின்னும்.

சமையல் வாயு ரோச்சால் சூடாக்கத் தொடங்கியதும் இரும்பு வியர்த்தது. வாயு எரிந்து வரும் நீர்தான் குளிர்ந்த இரும்பில் படிகிறது. பார்த்தவர்கள் இரும்புக்குள்ளிருந்து ஈரம் வருகிறது என்பார்கள், விடுங்கள். வியர்வை போய், பைப்புக்குள் ஊறியிருந்த கியர் எண்ணெய் புகைந்து, அதுவும் நின்ற பிறகும் ஏற்றி, இரண்டு பக்கமும் மூன்று அங்குல தூரத்துக்கு 200 பாகைக்குக் கொண்டுவந்தேன். சுடரை அகற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் அளக்கவேண்டும், தோல் மட்டும் சுட்டிருக்கும், நடு பச்சையாக இருக்கும். துப்பாக்கி வெப்பமானி பளபளப்பான இரும்பில் குறைத்துக் காட்டும். புகைபிடித்த கறுப்புப் புள்ளியில் பிடித்தால் ஓரளவு சரி. குறித்த சூட்டில் உருகும் வெப்பச் சோக்கு கிடைத்தால் அதுதான் நம்பிக்கை.

வெல்டிங் பிளாண்ட் இன்வேர்ட்டர் வகை, குச்சி பொசிற்றிவ் முனையில். அடிவரி 2.5 மில்லிமீற்றர் குச்சி 85 அம்பியரில், மேல்வரிகள் 3.15 மில்லிமீற்றர் 115-இல். மாலையில் எல்லா வீட்டிலும் லைற் போட்ட பிறகு எங்கள் லைனில் வோல்ட் இறங்கும். 7018 அப்போது ஒட்டிக்கொண்டு சண்டை பிடிக்கும். பலர் குச்சியைப் பிழை சொல்லி அம்பியரை ஏற்றுவார்கள். நான் காலையிலேயே தொடங்கினேன், நீட்டு வயரையும் சுருளை விரித்துப் போட்டேன்.

6013 பழகிய கைக்கு 7018-இல் ஒன்றை மறக்கவேண்டும்: முன்னும் பின்னும் ஆட்டி நீள ஆர்க்கில் (குச்சி நுனிக்கும் இரும்புக்கும் இடையில் எரியும் மின்சுடர்) விளையாடுவது. பூச்சு உலோகத்தைத் தொடுமளவுக்குக் கிட்டப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவேண்டும். ஆர்க் நீண்டால் காபனீரொட்சைட்டுக் காவல் கலைந்து காற்றின் ஈரமும் நைதரசனும் உள்ளே போகும், சுட்டதெல்லாம் வீண். தொடக்கத்தில் ஓட்டை விழுவது இந்தக் குச்சியின் குணம். வரியைத் தொடங்கவேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் உரசி, பின்னோக்கி வந்து, பிறகு அதன்மேலேயே திரும்பி ஓட்டினால் அந்த ஓட்டை உருகிப் போய்விடும். எரிந்து நின்ற குச்சியின் நுனியில் கண்ணாடிமாதிரி மூடியிருக்கும், மறுபடி பற்ற வைக்க முதல் நகத்தால் அல்ல, அரத்தால் உடையுங்கள்.

முதலில் பிடித்து நிறுத்த நாலு புள்ளி ஒட்டு, எதிரெதிராக. பிறகு கால் வட்டம் கால் வட்டமாக எதிர்ப்பக்கம் மாறி மாறி. ஒவ்வொரு வரிக்கும் கசடு தட்டி, தூரிகை போட்டு, சூடு 200-க்குக் கீழே இறங்கவிடாமல் ரோச்சைக் காட்டிக் காட்டி. இடையில் தேத்தண்ணி குடிக்கப் போகமுடியாது. "மருமகன், ஒட்டுறதவிடச் சூடாக்கிறதுக்குத்தான் நேரம் போகுது" என்று மாமா சொன்னது கணக்குப்படி சரி.

அவருக்கு அன்றைக்கே சாஃப்ட் வேண்டியிருந்தது. மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது, பக்கத்து வயல்வட்டையில் விதைப்பே தொடங்கிவிட்டார்கள். ஆனால் கடைசி வரி முடிந்ததும் நான் செய்தது சூட்டை 250-க்கு ஏற்றி இரண்டு மணி நேரம் அங்கேயே பிடித்துவைத்தது. அறைச் சூட்டில் நத்தைபோக்கில் ஊரும் ஐதரசன் இந்தச் சூட்டில் வேகமாக வெளியேறிவிடும். குளிர்ந்த பிறகு செய்தால் பயனில்லை, அதற்குள் வெடிப்புத் தொடங்கியிருக்கலாம். பிறகு உலர்ந்த உமிச்சாம்பல் நிரப்பிய பெட்டிக்குள் முழுவதுமாகப் புதைத்தோம். அடுத்த நாள் காலையில் சாம்பலைக் கிளறியபோதும் கை வைக்க முடியாத சூடு. சாம்பல் ஈரமென்றால் நிலைமை தலைகீழ், அது குளிப்பாட்டுவதற்குச் சமம்.

குளிர்ந்து 48 மணி நேரம் கழித்து மறுபடி சிவப்புத் திரவம். வெள்ளைப் பூச்சு வெள்ளையாகவே நின்றது.

மெல்லிய கோண இரும்புக்கும் கேற்றுக்கும் இந்தக் கூத்தெல்லாம் தேவையில்லை, 6013 போதும். இன்னொரு பக்கம், கூடிய வலிமைக்காக 8018, 9018, 11018 என்று போனால் விதி இறுகுகிறது: வெளியில் இருக்கக்கூடிய நேரம் 8018-க்கு இரண்டு மணி, 9018-க்கு ஒரு மணி, 11018-க்கு அரை மணி. சுடும் சூடும் 370-க்கு மேலே. 1.25 சதவீதக் குரோமியம் உள்ள கொதிகலன் குழாய்க்கு 8018-பி2, குளிரில் நொறுங்காத உருக்குக்கு நிக்கல் சேர்த்த 8018-சி வகைகள் என்று ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு. "சாஃப்ட் கடினமான உருக்கு, அப்ப 11018 போடலாமே?" என்று ஒரு மச்சான் கேட்டார். இந்த இடத்துக்கு வேண்டாம் என்பது என் எண்ணம். ஒட்டு கொஞ்சம் இளகி இழுபட்டுக் கொடுத்தால் கடினமான ஓரத்துக்கு வரும் இழுப்புக் குறையும். 7018-இன் வலிமை அந்தப் பைப்புக்குத் தாராளம்.

பூட்டும்போது சீல் இரண்டும் புதிது போட்டோம், ஒட்டுப் பக்கத்துச் சீல் உட்காரும் இடத்தை மட்டும் எமரித் தாளால் மினுக்கவேண்டியிருந்தது. மறுமுனையில் இருப்பது தொழிற்சாலையில் போட்ட ஒட்டு, சிவப்புக் கசியவில்லை, அதில் கை வைக்கவில்லை. மாமா மழைக்கு முன்னர் ஒரு பகுதியும் மழைக்குப் பின்னர் மிச்சமும் உழுதார். அறுவடை முடிந்ததும் கழற்றிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், இரண்டு முனையையும் இன்னொருதரம் நிறமூற வைத்துப் பார்க்க.